ஒழுகும் இடமே உடையும் இடம்

புரட்டாசி பிறந்துவிட்டால் ஓட்டு வீடுகளிலும் ஷீட் வீடுகளிலும் இருப்பவர்கள் அண்ணாந்து பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். போன மழைக்கு அடுப்படி மூலையில் சொட்டிய இடம், பீரோவுக்குப் பின்னால் சுவரில் கறையாக இறங்கிய இடம் எல்லாம் நினைவுக்கு வரும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குகிறது. தமிழ்நாட்டுக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் ஏறத்தாழப் பாதி, டிசம்பர் முடிவதற்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அதனால் ஊரில் எல்லாருக்கும் ஒரே மாதத்தில் கொத்தனார் வேண்டியிருக்கிறது. சின்ன வேலைக்கு அவர் வருவதில்லை. வருகிறேன் என்று சொன்ன நாளிலும் வரமுடிவதில்லை. இரண்டு ஓடு மாற்றுவதற்கும் ஒரு விரிசலை அடைப்பதற்கும் முழுநாள் கூலி கொடுக்க மனம் ஒப்பவும் இல்லை. பக்கத்து வீட்டில் ஏணி இருக்கிறது. நாமே ஏறிப் பார்த்துவிட்டால் என்ன என்ற எண்ணம் இப்படித்தான் வருகிறது.

வீடுகளில் இந்தக் கேள்வியைப் பேசும் விதம் எப்போதும் ஒன்றுதான்: நான் ஏறவா, ஆளை ஏற்றவா? ஒரு தட்டில் கூலி, மறுதட்டில் துணிச்சல். எந்தப் பக்கம் தாழ்கிறதோ அதன்படி முடிவு. இந்தத் தராசே சரியில்லை என்பது என் வாதம். யார் ஏறுவது என்று கேட்ட மாத்திரத்தில், யாராவது ஏறித்தான் ஆகவேண்டும் என்பது பேசாமலே முடிவாகிவிடுகிறது. அதற்கு முன்னால் கேட்கவேண்டியவை இரண்டு இருக்கின்றன. இந்த வேலைக்கு ஒரு மனித உடம்பின் எடை கூரைமேல் போயே தீரவேண்டுமா? போகத்தான் வேண்டுமென்றால், அந்த எடையை எது தாங்கப் போகிறது? கைத்திறமை இந்த இரண்டுக்கும் பிறகுதான் வரும். கலவை குழைக்கத் தெரிந்தவரும் தெரியாதவரும் ஒரே வேகத்தில்தான் விழுகிறார்கள். இந்த இரு கேள்விகளுக்கும் விடை கூரைக்குக் கூரை மாறுவதால், நம் வீடுகளின் கூரைகளைத் தனித்தனியாகப் பார்க்கவேண்டியிருக்கிறது.

கான்கிரீட் மாடியில் சிக்கல் குறைவு. இடுப்புயரக் கைப்பிடிச் சுவர் சுற்றிலும் இருந்து, படிக்கட்டு வழியாக ஏறமுடிந்தால், அது வானம் பார்த்த தரை என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. அங்கே வீட்டுக்காரரே செய்யக்கூடிய வேலைகள் நிறைய உண்டு, செய்யவும் வேண்டும். மாடி ஒழுகுவதற்குப் பெரும்பாலும் காரணம் தேங்கும் தண்ணீர். தண்ணீர் இறங்கும் குழாயின் வாயில் வேப்பிலைச் சருகும் பிளாஸ்டிக் பையும் அடைத்துக்கொண்டிருக்கும். தட்டோடுகளின் இடைப்பூச்சு உதிர்ந்திருக்கும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடும். இதையெல்லாம் கண்டுபிடித்து, சுரண்டி, கழுவி, காயவைத்துப் பூசுவதற்கு வேண்டியது பொறுமைதான். ஆனால் மாடி வீட்டிலும் வேறு விதமான இடங்கள் இருக்கின்றன. படிக்கட்டு அறையின் உச்சிக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. தண்ணீர்த் தொட்டி பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். சன்ஷேடு ஒன்றரை, இரண்டு அடி அகலம். அதில் பாசி படிந்திருந்தால் நிற்கவே முடியாது. கூரையின் அடிப்பக்கத்தில் பூச்சு பொரிந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தால் அது ஒழுகல் என்ற கட்டத்தைத் தாண்டிவிட்டது. கம்பி துருப்பிடிக்கும்போது பருத்து, கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கிறது. அதன்மேல் இன்னொரு பூச்சுப் பூசி மறைத்துவிட்டால் நோய் உள்ளே வளர்ந்துகொண்டே போகும். அதைக் கட்டடப் பொறியாளர் ஒருவர் பார்த்தே தீரவேண்டும்.

ஓட்டுக் கூரையில் முதல் கேள்வியே பெரிய வேலை செய்துவிடும். 1865இல் பாசல் மிஷனைச் சேர்ந்த பிளெப்ஸ்ட் மங்களூரில் தொடங்கிய ஆலையிலிருந்து பரவிய ஓட்டைத்தான் நாம் சீமை ஓடு என்றும் மங்களூர் ஓடு என்றும் சொல்கிறோம். அதை யாரும் ஆணி அடித்தோ பூசியோ ஒட்டவைப்பதில்லை. அடிப்புறத்தில் உள்ள புடைப்பு ரீப்பர்மேல் தொற்றிக்கொள்ள, பக்கத்து ஓட்டின் பள்ளத்தில் விளிம்பு பொருந்த, தன் எடையாலேயே அது உட்கார்ந்திருக்கிறது. தட்டி அடிக்காத வீடானால், உடைந்த ஓட்டை உள்ளிருந்தே மாற்றலாம். உறுதியான மேசை மீதோ தாழ்ந்த சாரத்தின் மீதோ நின்று, மேல்வரிசை ஓட்டை ஒரு கையால் இரண்டு விரல்கடை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, உடைந்ததை மறுகையால் மேலே தள்ளித் திருப்பி, சாய்த்து உள்ளே இறக்கவேண்டும். ஒன்பது அங்குல அகலமுள்ள ஓடு, ரீப்பர்களுக்கு நடுவிலுள்ள ஏறத்தாழ ஒரு அடி இடைவெளியில் சாய்வாக நுழைந்துவிடும். புதிய ஓடும் அதே வழியில் மேலே போகும். தலைக்குமேல் கை தூக்கிச் செய்வதால் தோள் வலிக்கும், கண்ணில் தூசி விழும், ஒட்டடையோடு ஓட்டுத்தேளும் விழலாம். ஆனால் விழுவதற்கு மனிதன் மேலே இருக்கமாட்டான். இவ்வளவு எளிய வழி இருந்தும் பலர் வெளியிலிருந்து ஏறுவது, கூரை வேலை என்றாலே மேலே ஏறிச் செய்வது என்று பழகிவிட்டதால்தான்.

எல்லா ஓட்டு வேலையும் உள்ளிருந்து முடிந்துவிடாது. முகட்டு ஓடு கலவையில் பதிந்தது. அதை மேலிருந்துதான் சரிசெய்ய வேண்டும். நாட்டு ஓடு அடுக்கடுக்காக வேய்ந்தது; குரங்கும் பூனையும் ஓடிக் கலைத்த பிறகு அதைப் பிரித்து மேய்வதற்குத் தனிக் கைப்பழக்கம் வேண்டும். ஏறுகிறவர் ரீப்பரும் கைமரமும் இருக்கும் வரி பார்த்துக் கால்வைப்பார். அந்தக் கணக்கு மரம் நன்றாக இருக்கும்வரைதான் செல்லும். கரையான் உள்ளே அரித்து, வெளித்தோல் மட்டும் மரம்போல நிற்கும் கைமரத்தை மேலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை. கீழிருந்து ஒரு திருப்புளியால் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்: நல்ல மரம் முனையைத் தடுக்கும், அரித்தது மாவாகக் கொட்டும். ஏறப்போகிறவர் யாராக இருந்தாலும், முதல் நாளே வீட்டுக்காரர் உள்ளே சுற்றிவந்து இதைச் செய்துவைப்பது, அவர் செய்யக்கூடிய எந்தப் பூச்சு வேலையையும்விடப் பெரிய உதவி.

சிமென்ட் ஷீட்டுக்கு வரும்போதுதான் விஷயம் உயிருக்கு வந்துவிடுகிறது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்று ஊரெல்லாம் அழைக்கப்படும் இந்தக் கூரை சிமென்ட்டும் கல்நாரும் கலந்து செய்தது. வழக்கமான தடிமன் 6 மில்லிமீட்டர். ஒரு பென்சிலின் தடிமன்கூட இல்லை. ஏறத்தாழ நாலரை அடிக்கு ஒரு குழாயோ கட்டையோ கொடுத்து, அதன்மேல் ஷீட்டைக் கிடத்தி, ஜே-போல்ட்டால் இறுக்குகிறார்கள். வெயிலையும் மழையையும் காற்றையும் தாங்கத்தான் அது செய்யப்பட்டது, மனிதன் நிற்பதற்கு இல்லை. புதிதாக இருக்கும்போது மெதுவாக ஊர்ந்து போனால் சில சமயம் தாங்கும். அந்தச் ‘சில சமயம்’தான் மனிதர்களை ஏமாற்றுகிறது. பதினைந்து, இருபது வருஷ வெயிலில் காய்ந்து, மழையில் ஊறி, பாசி பிடித்த ஷீட்டின் உறுதி எவ்வளவு மிச்சம் என்று பார்த்தோ தட்டியோ சொல்லமுடியாது. போன வருஷம் தாங்கியது என்பதும் இந்த வருஷத்துக்குச் சான்றாகாது. மரம் வளையும், நெறியும், ஒரு சத்தம் கொடுத்து எச்சரிக்கும். ஷீட் எதுவும் சொல்லாது. ஒரு நொடி முன்புவரை முழுசாக இருக்கும், அடுத்த நொடியில் கால் இருந்த இடத்தில் ஓட்டை இருக்கும். வெளிச்சத்துக்காக இடையிடையே போடும் ஃபைபர் ஷீட் இதைவிட மோசம். தூசியும் கறுப்பும் படிந்தபின் மேலிருந்து பார்த்தால் அதற்கும் மற்ற ஷீட்டுக்கும் வித்தியாசமே தெரியாது. கிரிக்கெட் பந்தை எடுக்க ஷீட்டில் ஏறும் பிள்ளைகளை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

போல்ட் வரிசைமேல் நடந்தால் ஒன்றும் ஆகாது என்பது வேலையாட்களிடையே நிலவும் நம்பிக்கை. போல்ட் இருக்கும் இடத்தில் கீழே குழாய் இருக்கிறது, ஆகவே தாங்கும் என்பது கணக்கு. பாதி உண்மை என்பதால் இது அதிக ஆபத்தானது. குழாயின் அகலம் இரண்டு, மூன்று அங்குலம். பாதத்தின் நீளம் பத்து அங்குலம். எடை குதிகாலுக்குப் போகும்போதும், திரும்பும்போதும், கையில் வாளி இருக்கும்போதும் பாதி எடை குழாயைத் தாண்டித்தான் இறங்குகிறது. அதைவிட முக்கியமானது, ஷீட்டில் விரிசல் பிறக்கும் இடமே போல்ட் துளைதான். அங்கே துருக்கோடு வழிந்திருக்கும். வாஷர் காய்ந்து சுருங்கியிருக்கும். துளையிலிருந்து நரம்புபோல ஒரு கீறல் புறப்பட்டிருக்கும். பிரிட்டனில் தொழிலிடப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் ஹெச்.எஸ்.இ. என்ற அரசு அமைப்பு, போல்ட் வரிசை வழியாக நடக்கவே கூடாது என்று வெளிப்படையாக எச்சரிக்கிறது. கட்டுமானத் தொழிலில் உயரத்திலிருந்து விழுந்து இறப்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர், உடையக்கூடிய கூரையைப் பிளந்துகொண்டு விழுந்தவர் என்பது அந்த அமைப்பு சொல்லும் கணக்கு. பயிற்சியும் சட்டமும் கருவியும் உள்ள ஒரு நாட்டின் தொழிலாளர்களைப் பற்றிய கணக்கு அது. நம் ஷீட் வீடுகளில் வேலையின் தன்மையே இன்னொரு கண்ணியை வைக்கிறது. பழுதுபார்க்கப் போகிறவர் நல்ல ஷீட்டைத் தேடிப் போவதில்லை. ஒழுகுகிற ஷீட்டைத் தேடித்தான் போகிறார். ஒழுகல் என்பதே அங்கே விரிசல் இருக்கிறது என்ற செய்தி. கூரை முழுவதிலும் எந்த இடம் மிகவும் பலவீனமோ, சரியாக அந்த இடத்துக்கு நம் எடையைக் கொண்டுபோய் வைக்கச் சொல்கிறது அந்த வேலை.

கல்நார் தூசியையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கல்நார் புற்றுநோயை உண்டாக்கும் என்பதில் உலக மருத்துவத்தில் ஐயம் இல்லை. அறுபதுக்கு மேற்பட்ட நாடுகள் அதைத் தடைசெய்திருக்கின்றன, இந்தியா இன்னும் தடைசெய்யவில்லை. தொடாமல் கிடக்கும் ஷீட்டைவிட, அறுக்கும்போதும் துளைபோடும்போதும் உடைக்கும்போதும் கம்பி பிரஷால் பாசியைத் தேய்க்கும்போதும்தான் இழை அதிகமாகக் கிளம்புகிறது. வீட்டுக்காரர் தானே செய்யும்போது வழக்கமாகச் செய்பவையும் இவைதான். நனைத்துச் செய்வதும், தக்க முகமூடி போடுவதும், உடைந்த துண்டுகளைக் கூட்டிப் பெருக்காமல் ஈரமாகவே மூட்டை கட்டுவதும் குறைந்தபட்ச மரியாதை. பாதிப்பு தெரியப் பல பத்தாண்டுகள் ஆகலாம் என்பதாலேயே யாருக்கும் அவசரமாகத் தோன்றுவதில்லை.

பத்தடிதானே, விழுந்தால் ஒரு கை உடையும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். பத்தடியிலிருந்து விழும் உடம்பு முக்கால் நொடிக்குச் சற்று அதிகமான நேரத்தில், மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். ஒரு மோட்டார் சைக்கிள் சந்துக்குள் போகும் வேகம்தான். ஆனால் இங்கே பிரேக் இல்லை, மோதுவது சிமென்ட் தரை. ஷீட் உடைந்து விழுகிறவர் எதிர்பாராமல் விழுகிறார். திரும்பிக்கொள்ளவோ கையை ஊன்றவோ நேரம் கிடைப்பதில்லை. கீழே வெற்றுத் தரையும் இருப்பதில்லை. கட்டில் சட்டம், அம்மிக்கல், அடுப்பு மேடையின் விளிம்பு என்று வீட்டுப் பொருள்கள் இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் உலகில் விழுந்து இறக்கிறார்கள். தற்செயல் விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். அவர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் ஏழை, நடுத்தர வருமான நாட்டுக்காரர்கள். பிழைப்பவர்களில் முதுகுத்தண்டு முறிந்தவர்களின் நிலை தனியாகச் சொல்லவேண்டியது. மேலைநாடுகளில் தண்டுவடக் காயத்துக்கு வாகன விபத்து பெருங்காரணமாக இருக்க, நம் நாட்டில் மரம், கூரை, கிணறு என்று உயரத்திலிருந்து விழுவது முன்வரிசையில் நிற்கிறது. 1966இல் தொடங்கிய வேலூர் சி.எம்.சி.யின் மேரி வர்கீஸ் மறுவாழ்வு நிலையமும், தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கமும் தண்டுவடம் முறிந்தவர்களுக்கு மீண்டும் உட்காரவும், சிறுநீர்ப் பையைப் பராமரிக்கவும், சக்கர நாற்காலியில் வாழவும் கற்றுக்கொடுக்கின்றன. அது மாதக்கணக்கில் நடக்கும் பயிற்சி. வாழ்நாள் முழுவதும் தொடரும் பராமரிப்பு.

கயிறு கட்டிக்கொண்டு ஏறினால் போதாதா என்ற கேள்வி நியாயமானது. இடுப்பில் சும்மா முடிந்த கயிறு விழுகிறவரைப் பாதியில் இழுத்து நிறுத்தும்போது வயிற்றையும் விலாவையும் நசுக்கிவிடும். உடம்பு முழுவதும் பிடிக்கும் ஹார்னஸ் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது; அதை வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பதும் தவறு. அதோடு வரும் கயிறு பெரும்பாலும் ஆறடி. அதிர்ச்சியைத் தாங்கப் பிரியும் பட்டை இன்னும் மூன்று நாலு அடி நீளும். ஆளின் உயரத்தையும் சேர்த்தால், அது ஒருவரைத் தரையில் மோதாமல் நிறுத்தக் கீழே பதினேழு, பதினெட்டு அடி வெற்றிடம் வேண்டும். பத்தடி உயர வீட்டில் கயிறு இறுகுவதற்குமுன் தரை வந்துவிடும். கட்டுகிற இடமும் ஒரு கேள்வி. விழும் உடம்பின் இழுப்பு அதன் எடையைப்போலப் பல மடங்கு. அதை ஒரு ரீப்பரோ தண்ணீர்க் குழாயோ தாங்காது. ஓட்டுக் கூரையிலும் மாடி விளிம்பிலும் பயன்படுவது, ஓரத்தை எட்டவே முடியாத அளவுக்குக் குறுக்கிக் கட்டிய கயிறு. ஷீட் கூரையில் அதுவும் உதவாது. அங்கே விளிம்பு என்பது கால் வைக்கும் ஒவ்வொரு இடமும்தான். ஏணிக்கும் இதே கவனம் வேண்டும். நாலடி உயரத்துக்கு ஓரடி வீதம் அடிப்பகுதி சுவரிலிருந்து தள்ளியிருக்கவேண்டும். தலைப்பகுதி கூரை விளிம்புக்கு மூன்றடி மேலே நீட்டிக்கொண்டு, கட்டப்பட்டிருக்கவேண்டும். ஏணியிலிருந்து கூரைக்கு மாறும் அந்த ஒரு எட்டில் விழுகிறவர்கள் பலர். வீட்டுக்கு வரும் மின்கம்பி தலைக்குமேல் போகிறதென்றால், இரும்பு ஏணியையும் அலுமினிய ஏணியையும் அந்தப் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

இவ்வளவும் படித்தவர், சரி, அப்படியானால் ஆளையே கூப்பிட்டுவிடலாம் என்று முடிவுக்கு வரக்கூடும். தானே செய்யாதீர்கள், தெரிந்தவரிடம் விடுங்கள் என்று சொல்லும் அறிவுரைகள் எல்லாம் இங்கேதான் முடிகின்றன. எனக்கு அது போதவில்லை. வருகிறவர் வெறுங்காலோடு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, அதே ஏணியில் ஏறி, அதே பழைய ஷீட்டில் நடந்தால், ஆபத்தில் ஒரு துளியும் குறையவில்லை. நம் குடும்பத்திலிருந்து இன்னொரு குடும்பத்துக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அவருக்குப் பழக்கம் இருக்கிறது என்பது உண்மை. பழக்கம் வழுக்கலைத் தடுக்கும், ஏணியைச் சரியாக நிறுத்தும், பதற்றத்தைக் குறைக்கும். உடைய இருக்கும் ஷீட்டை அது உடையாமல் தடுக்காது. நாம் வருஷத்துக்கு ஒருமுறை ஏறுகிறோம், அவர் வாரத்துக்கு நாலுமுறை ஏறுகிறார்; அத்தனை முறையும் அந்த ஷீட் தாங்கியாக வேண்டியிருக்கிறது. சட்டமும் அவர் பக்கத்தில் இல்லை. கட்டுமானத் தொழிலாளர்களின் பாதுகாப்புக்காக 1996இல் வந்த மத்தியச் சட்டம், தன் சொந்த வீட்டுக்காகப் பத்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாத செலவில் வேலை செய்விக்கும் தனிநபரை வரம்புக்கு வெளியே வைத்தது. அதன் இடத்துக்கு வந்த 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டமும் சொந்தக் குடியிருப்பு வேலைக்கு இப்படி ஒரு விலக்கைத் தொடர்கிறது. கூரைப் பழுது என்பது சில ஆயிரங்களில் முடிகிற வேலை. எந்த ஆய்வாளரும் வந்து பார்க்கப்போவதில்லை. தமிழ்நாட்டில் 1994 முதல் இயங்கும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருந்தால், விபத்து நேர்ந்தால் குடும்பத்துக்கு உதவித்தொகை உண்டு. வேலைக்கு வருகிறவரிடம் அட்டை இருக்கிறதா என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்? கூலி பேசும்போது, ‘பலகை கொண்டுவருவீர்களா, சாரம் கட்ட எவ்வளவு ஆகும், கூட ஒரு ஆள் வருவாரா’ என்று கேட்டால் தொகை கூடும். கூடுகிற அந்தத் தொகைதான் வேலையின் உண்மையான விலை. அதைக் கொடுக்காமல் மிச்சம் பிடிக்கிறவர், இன்னொருவரின் முதுகெலும்பில் மிச்சம் பிடிக்கிறார்.

தாத்தா காலத்தில் வருஷா வருஷம் நாமே கூரை வேய்ந்தோமே என்று சொல்பவர்களுக்கு நிதானமாகப் பதில் சொல்லவேண்டும். அவர்கள் சொல்வது பொய்யில்லை. கீற்றுக் கூரை வேய்வது ஊர்கூடிச் செய்த வேலை. மேலே இரண்டு பேர், கீழே கீற்று எடுத்துக் கொடுக்க நாலு பேர். மூங்கில் வரிச்சல் நெருக்கமாக ஓடும்; வேய்கிறவர் நிற்பதைவிடப் படுத்தும் மண்டியிட்டும்தான் நகர்வார், எடை பல இடங்களில் பரவும். மூங்கில் முறிவதற்குமுன் வளையும், சத்தம் போடும். தாழ்வாரம் குனிந்து நுழையும் உயரம். விழுந்தாலும் சாணம் மெழுகிய மண்தரை. பிறகு கீற்று போய் ஷீட் வந்தது, சுவர் உயர்ந்தது, தரை சிமென்ட் ஆனது, நாலு பேர் சேர்ந்து செய்த வேலை ஒருவர் தனியாகச் செய்வதாக மாறியது. ஏறும் பழக்கத்தின் தைரியம் மட்டும் அப்படியே கைமாறி வந்திருக்கிறது. மூங்கிலுக்குப் பொருந்திய துணிச்சலைச் சிமென்ட் தகட்டின்மேல் செலவழிக்கிறோம்.

சாலையில் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் சாகிற நாட்டில், கூரைக்குப் பயப்படுவது மிகையில்லையா என்றும் கேட்கலாம். மொத்த எண்ணிக்கையை ஒப்பிட்டால் அப்படித்தான் தோன்றும். ஆனால் சாலையில் நாம் தினமும் மணிக்கணக்கில் இருக்கிறோம். கூரையில் வருஷத்துக்கு ஒரு மணி நேரம் இருப்போமா என்பதே சந்தேகம். சாலையில் போகாமல் பிழைப்பு இல்லை. கூரையில் ஏறாமல் பெரும்பாலான ஒழுகலைச் சமாளிக்க வழி இருக்கிறது. தவிர்க்கமுடியாத ஆபத்து ஒன்று இருப்பதைக் காட்டித் தவிர்க்கக்கூடிய ஒன்றை நியாயப்படுத்த முடியாது.

பணம் இல்லை என்கிற வாதம்தான் எல்லாவற்றிலும் கனமானது. ஷீட் வீட்டில் இருப்பவர் வசதியானவர் இல்லை. கொத்தனாரின் ஒரு நாள் கூலி அவருடைய ஒன்றிரண்டு நாள் வருமானம். அவரிடம் சாரம் கட்டுங்கள் என்று சொல்வது எளிது, கட்டுவது அவர்தான். இருந்தும், அந்த வீட்டில் சம்பாதிக்கிறவர் அவர் ஒருவரே என்பதால்தான் அவர் ஏறக்கூடாது. அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை இலவசமாகக் கிடைக்கலாம். ஆறு மாதக் கூலியை யாரும் தரமாட்டார்கள். ஆகவே ஏழைக்கு ஏற்ற விடை, காசில்லாமலும் கீழிருந்தே செய்யக்கூடியவற்றைத் தேடுவதுதான். ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே தார்ப்பாயை ஒரு பக்கம் தாழ்த்தித் தொட்டில்போலக் கட்டி, தண்ணீரைச் சுவருக்கு வெளியே வடியவிடலாம். இரண்டு ஷீட் சேரும் மடிப்பில் ஒழுகினால் உள்ளிருந்து தகரத் துண்டையோ தடித்த பாலிதீனையோ செருகலாம். இவை நிரந்தரத் தீர்வல்ல. ஒரு மழைக்காலத்தைக் கடத்திவிடும். ஷீட்டையே மாற்றும் நிலை வந்தாலும், ஜே-போல்ட்டின் கொக்கி குழாயைச் சுற்றிக் கீழே வளைந்திருப்பதால், அதை உள்ளிருந்து ஹேக்சா பிளேடால் அறுத்து ஷீட்டை விடுவிக்க முடியும். பத்தடி நீள ஷீட் ஏறத்தாழ 40 கிலோ இருக்கும் என்பதால், சாரத்தில் நிற்கும் இரண்டு மூன்று பேர் வேண்டும். மேலே போவது தவிர்க்கவே முடியாதபோது, குறைந்தது மூன்று குழாய்களின்மேல் படியும் நீளப் பலகைகள் இரண்டு வேண்டும். ஒன்றில் நின்றுகொண்டு மற்றதை முன்னே நகர்த்த வேண்டும். கால் ஷீட்டைத் தொடவே கூடாது.

மிகக் கடினமான நேரம் புயலுக்கு அடுத்த நாள். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கஜா கரை கடந்தபின், டெல்டாவில் கீற்றும் ஓடும் ஷீட்டும் பறந்துபோன வீடுகள் எண்ணிலடங்காதவை. உள்ளே குழந்தை, நெல்மூட்டை, பள்ளிச் சான்றிதழ். மேலே அடுத்த மேகம். அந்த நேரத்தில் பொறுத்திருங்கள் என்று சொல்பவரை யாரும் மதிக்கமாட்டார்கள். ஆனால் புயலுக்குப் பிந்திய கூரை, சாதாரண நாளின் கூரையைவிடப் பல மடங்கு மோசமானது: போல்ட் தளர்ந்திருக்கும், ஷீட்டில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு ஓடியிருக்கும், எல்லாம் நனைந்திருக்கும், அறுந்த மின்கம்பி எங்கே கிடக்கிறது என்று தெரியாது, ஏறுகிறவர் இரவெல்லாம் தூங்கியிருக்கமாட்டார். 2019 செப்டம்பரில் ஜப்பானின் சிபா பகுதியைப் பெரும்புயல் தாக்கியபோது, கூரைமேல் நீலத் தார்ப்பாய் விரிக்க ஏறிய வீட்டுக்காரர்கள் பலர் விழுந்து காயமடைந்தார்கள், சிலர் இறந்துபோனார்கள். ஒழுங்குக்கும் முன்னேற்பாட்டுக்கும் பெயர்பெற்ற நாட்டிலேயே அதுதான் நடந்தது. நிவாரணமாகத் தார்ப்பாய் கொடுக்கும்போது, அதை மேலே விரிக்க ஒரு குழுவையும் பலகையையும் சேர்த்து அனுப்பவேண்டும் என்பது அரசிடம் வைக்கவேண்டிய கோரிக்கை. அதுவரை, தார்ப்பாயைக் கூரைக்கு வெளியே விரிப்பதைவிட வீட்டுக்குள்ளேயே நாலு கயிற்றில் கட்டி அதன்கீழ் ஒண்டிக்கொள்வது, அந்த ஒரு வாரத்துக்குப் போதும்.

இவ்வளவு நெருக்கடியும் வருவதற்கு ஒரு காரணம், கூரையை நாம் நினைப்பதே தவறான மாதத்தில் என்பது. எந்த ஷீட் எந்த இடத்தில் ஒழுகுகிறது என்பது கார்த்திகையில்தான் தெரியும். சரிசெய்ய ஏற்ற நாள் மாசியும் பங்குனியும். கூரை உலர்ந்திருக்கும், பாசி காய்ந்திருக்கும், கொத்தனாரும் கூரை வேலைக்காரரும் அழைத்தால் வருவார்கள், தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே சாரத்தையும் ஒரே ஆளையும் வாடகைக்குப் பேசலாம். மழை பெய்யும்போது ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே தரையில் ஒரு சாக்பீஸ் வட்டம், சுவரில் தேதி, எத்தனையாவது ஷீட், எத்தனையாவது போல்ட் என்ற குறிப்பு. இந்த வேலைக்கு ஏணி வேண்டாம். மாசியில் வருகிறவர், தேடிக்கொண்டு கூரை முழுக்க நடக்காமல் நேரே அந்த இடத்துக்குக் கீழே சாரத்தை நிறுத்தினால் போதும்.